தெளிந்துபோன துறைமுகம்

என் அன்புக்குரியவருக்கு,

இங்கே நாங்கள் நலம். கப்பலுக்கு வரும் மின்னஞ்சலைக் கேப்டன் முதலில் படிப்பார் என்பதால் இதைக் கையால் எழுதுகிறேன். நீங்கள் எண்ணெய் நிரப்ப நிற்கும் துறைமுகத்தில் உங்கள் கப்பல் கம்பெனி ஏஜென்ட் கொண்டுவந்து தருவார். தனியாக இருக்கும்போது பிரியுங்கள். காதல் கடிதம் என்று ஆசையோடு பிரித்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

வாலு சௌக்கியம். வயது மூன்று, வாய் முப்பது. போன ஞாயிறு அவளைத் துறைமுகச் சுவருக்குக் கூட்டிப்போனேன். எட்டிப் பார்த்தவள், "அம்மா, தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டாள்.

கையை விட்டால் விரல் தெரியாத தண்ணீர்தானே நம்முடையது. போன மாதம் நீங்கள் வந்தபோதே தெளியத் தொடங்கியிருந்தது. "பரவாயில்லையே, தண்ணி நல்லா இருக்கே" என்று சொன்னீர்கள். இப்போது அடித்தரை வரை தெரிகிறது. ஒரு சைக்கிள் கிடக்கிறது. ஒரு நாற்காலி சுவரைப் பார்த்து நேராக நிற்கிறது. இரண்டின் மேலும் நம் ஊரில் முன்பு இல்லாத நகத்தளவு கருஞ்சிப்பிகள், ஊசி குத்த இடமில்லாமல்.

ஊரில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், படம் எடுக்க வருகிறார்கள். தண்ணீரில் இருந்த உணவையெல்லாம் சிப்பிகள் வடிகட்டித் தின்றுவிட்டதால்தான் இந்தத் தெளிவு என்பது அவர்களுக்குத் தெரியாது. மீன் இல்லை. மீன் இல்லாததால் பறவைகளும் இல்லை. காலையில் அலுவலக ஜன்னலைத் திறந்தால் ஒரு சத்தமும் வருவதில்லை.

கப்பலடி பார்க்கும் டைவர் இனிமேல் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எதற்கும் அசராத மனிதர். "கீழ தரையில என் நிழல் விழுது மேடம். இருபது வருஷத்துல அங்க நான் என் நிழலப் பாத்ததே இல்ல" என்றார். செவ்வாய்க்கிழமை தீயணைப்பு ஒத்திகை நடந்தது. கடல்நீர்க் குழாயைத் திறந்தார்கள். ஒரு பெருமூச்சு வந்தது, பிறகு ஒரு கைப்பிடிச் சிப்பி வந்து விழுந்தது, அவ்வளவுதான். என் சோதனைக்கூடச் சுவருக்குள்ளும் அதே குழாய் போகிறது. ஏசி இயந்திரத்தை நிறுத்தினால் குழாய்க்குள்ளே டிக், டிக் என்று கேட்கிறது. நான் எழுந்து நடந்தால் நின்றுவிடுகிறது. உட்கார்ந்தால் மறுபடி தொடங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடம் முன்பு, வாலுவின் முதல் பிறந்தநாளன்று, உங்கள் கப்பல் சரக்கேற்ற வந்தது ஞாபகம் இருக்கிறதா? சரக்கில்லாத கப்பல் நிலையாக நிற்கத் தொட்டிகளில் நிரப்பும் பாலாஸ்ட் தண்ணீரைத் துறைமுகத்தின் சார்பில் சோதிக்க ஏறியவள் நான். முந்தைய துறைமுகத்துத் தண்ணீரை நடுக்கடலில் மாற்றிவிட்டதாக, தொட்டிகளுக்குப் பொறுப்பான நீங்கள் எழுதும் புத்தகத்தில் இருந்தது. மாதிரி எடுத்தேன். உப்பளவு பார்க்கும் கருவியைப் பையிலிருந்து எடுக்கும்போது நீங்கள் சிரித்தபடி, "நான்தான் சொல்றேன்ல, எழுதிக்கோ. கேக் காத்துட்டு இருக்கு" என்றீர்கள். உங்கள் புத்தகத்தில் இருந்த உப்பளவையே என் படிவத்தில் எழுதினேன். இரண்டு தாளிலும் ஒரே எண். மறுநாள் உங்கள் தொட்டிகள் எங்கள் துறைமுகத்தில் காலியாயின.

அந்த மாதிரியில் பாதியை அப்படியே மூடியும், பாதியை ஸ்பிரிட் ஊற்றியும் அலமாரியில் வைத்திருந்தேன். நேற்று முதல் குப்பியை எடுத்து உப்பளவு பார்த்தேன். அது நடுக்கடல் தண்ணீர் இல்லை, உப்பு குறைந்த வேறு ஏதோ துறைமுகத்துத் தண்ணீர். ஸ்பிரிட்டில் இருந்ததை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் இரண்டு ஓடும் மூடி, முழுச் சிப்பியாக, நூற்றுக்கணக்கில் இருந்தன. எண்ணத் தொடங்கி, பாதியில் குப்பியை மூடி வைத்தேன்.

மாற்ற இரண்டு நாள் ஆகும், பிறந்தநாள் தப்பிவிடும், அதனால்தான் மாற்றவில்லை, இல்லையா? உங்கள்மேல் கோபம் இருக்கிறது. என்மேல் அதைவிட அதிகம். நீங்கள் சொன்னது பொய் என்று எனக்கு அன்றைக்கே பாதி தெரியும். நீங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

திங்கட்கிழமை உங்கள் புத்தகப் பக்கத்தின் நகலையும் என் படிவத்தையும் நேற்றைய உப்பளவோடு மேலதிகாரியிடம் கொடுக்கப்போகிறேன். என் வேலை போகலாம், உங்கள் லைசென்ஸும் போகலாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

இப்போது உங்களிடம் கேட்பது ஒன்றுதான். போன மாதம் இங்கே சரக்கை இறக்கிவிட்டு எங்கள் தண்ணீரைத்தான் நிரப்பிக்கொண்டு போனீர்கள். சரக்கேற்ற அதைக் கொட்டப்போகும் அடுத்த துறைமுகத்துக்கு முன்னால் பத்து நாள் ஆழ்கடல் இருக்கிறது. அங்கே தொட்டித் தண்ணீரை மாற்றுங்கள். கேப்டன் கத்தினாலும், நாள் தள்ளிப்போனாலும் மாற்றுங்கள். மாற்றிவிட்டேன் என்று எனக்கு எழுத வேண்டாம், உங்கள் வார்த்தையை நம்பும் நிலையில் நான் இல்லை.

கடல் உங்களுக்கு அமைதியாக இருக்கட்டும். அந்தத் துறைமுகத்திலும் கையில் குப்பியோடு ஒருத்தி படியேறி வருவாள். அவளுக்கும் வீட்டில் ஒரு குழந்தை இருக்கலாம். தயவுசெய்து, அவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

இன்னும் உங்களுக்காகவே காத்திருக்கும்,
உங்கள் மனைவி