லேவன் குடித்த மல்லித்தண்ணீர்

என் ஆசை அண்ணைக்கு,

அந்த டெலிபோன் வந்த நேரம் குசினியில் நின்றவர்களை முதலில் எழுதுகிறேன். எதைச் சொன்னாலும் "ஆரார் நிண்டவை?" என்று கேட்டுவிட்டுத்தானே மிச்சத்தைக் கேட்பீர்கள். நான் அடுப்படியில். இவர், புவாண்ட்-கிளேர் கிடங்கு வேலையில் இருந்து வந்த கையோடு, சப்பாத்துக்கூடக் கழற்றாமல். மகள் துளசி பள்ளிக்கூடப் பையோடு வாசலில். லேவன் கதிரையில் இருக்காமல் பிரிட்ஜில் சாய்ந்தபடி. சுவரில் படமாக நீங்கள், காலையில் வைத்த பூவோடு. வேறு ஒருவரும் இல்லை.

லேவன் டெலிபோனில் பிரெஞ்சில் "வி, வி", ஓம் ஓம் என்று நாலு தரம் சொன்னான். பிறகு வைத்தான். என்னைப் பார்த்து, நீங்கள் பழக்கிவிட்ட தமிழில், "ஒண்டும் இல்லை, தங்கச்சி" என்றான்.

ஒன்றும் இல்லையாம், அண்ணை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. பிடிக்கட்டும் என்று விட்டேன்.

லேவனை உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜோர்ஜியா நாட்டுப் பிள்ளை. உதைபந்து அடிப்பதுதான் தொழில். சொந்த ஊர்க் கழகத்தில் தொடங்கி, துருக்கியில் இரண்டு வருசம், சைப்பிரசில் ஒரு வருசம், பிறகு இங்கே மொன்றியலுக்கு வந்தவன். அவனுடைய கழகத்தின் சட்டைகளைத் தோய்க்கும் அறையில் நீங்கள் வேலை செய்தீர்கள். "பாவம், பாணையும் வாழைப்பழத்தையும் திண்டுகொண்டு திரியிறான்" என்று ஒரு நாள் ரொக்ஸ்பரோவுக்கு, எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். அன்று கீழ் அறையில் தங்கியவன் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். நீங்கள் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று ஒரு வருசம் நினைத்திருந்தான். தெரிந்த பிறகும் மாற்றவில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போனதற்கு அடுத்த கோடையில் நடந்தது இது.

ஆவணி மாதம், பெரிய ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்க, அவனுக்குத் தடிமன். மூக்கால் ஓடுகிறது, குரல் அடைத்துவிட்டது. அவனுக்கு முப்பத்தொரு வயது. அந்த வருசத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க அனுமதிக் கடதாசியும் இல்லை. "இந்த ஆட்டத்தில் என்னைப் பார்க்க வேண்டும், பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்" என்று சொல்லிக்கொண்டு படியில் இருந்தான். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் செய்வேன்? மல்லித்தண்ணீர் அவித்தேன். மல்லி, கடைக்காரர் சுக்கு என்கிற வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி. பிறகு உங்கள் பேணியைத் திறந்தேன்.

எந்தப் பேணி என்று உங்களுக்குத் தெரியும். லேபல் உரிந்த அந்தப் பால்மாத் தகரப் பேணி. தடிமன், காய்ச்சல், வயிற்றுக்குத்து எல்லாவற்றுக்கும் அதிலிருக்கிற உங்கள் தூளில் ஒரு கரண்டி. எத்தனை தரம் கேட்டேன்!

"இதுக்குள்ளை என்னண்ணை கிடக்கு?"

"சொன்னால் வேலை செய்யாது. நீ அவிச்சுக் குடு."

மூன்று நாளும் காலையும் மாலையும் குடுத்தேன். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். ஆட்டத்தில் முழு நேரமும் ஓடினான் அண்ணை. அவனைத் தாண்டி ஒருத்தரும் பந்தைக் கொண்டுபோகவில்லை. துளசிக்குக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

அன்று வீட்டுக்குப் பிந்தித்தான் வந்தான். சிரித்துக்கொண்டே சொன்னான்: ஆட்டம் முடியச் சீட்டுக் குலுக்கி இரண்டு பேரைப் பிடித்தார்களாம், அதில் ஒருத்தன் இவன். ஊக்க மருந்து பாவித்தானா என்று பார்க்கச் சிறுநீர் எடுத்தார்களாம். ஒரு ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தானாம், மூன்று போத்தல் தண்ணீர் குடித்தும் வரவில்லையாம்.

துளசி சிரிக்கவில்லை. "கடைசியாய் என்னென்ன எடுத்தனீங்கள் எண்டு ஒரு படிவம் தருவாங்களே, என்ன எழுதினீங்கள்?"

"விட்டமின். பிறகு, தங்கச்சியின் சூப்."

நான் அந்தப் பேணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். இவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"உன்ரை அண்ணற்றை தூளாலை பெடியன்ரை சீவியம் முடியப்போகுது."

"செத்த மனிசனை ஏன் இழுக்கிறியள்?"

"நான் இழுக்கேல்லை, நீதான் கரண்டியாலை அள்ளிப் போட்டனி."

அது உண்மைதான்.

பிடிபட்டால் இரண்டு வருசம் விளையாட முடியாது என்று லேவன் சொன்னான். முப்பத்தொன்றில் இரண்டு வருசம் என்றால், பிறகு வரவே முடியாது. அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் படித்தது பஸ் விளம்பரத்திலும் மருந்துப் பெட்டியிலும்தான். துளசி கொம்பியூட்டரில் எடுத்துத் தந்த தடை மருந்துப் பட்டியலை அகராதியோடு வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். நாலு நாள் சென்றது. மல்லி இல்லை. வேர்க்கொம்பு இல்லை. மிளகு, திப்பிலி இல்லை. பேணிக்குள் இருப்பதை எந்தப் பெயரில் தேடுவது?

உங்களுக்குத் தெரியும், வீட்டில் அவிக்கிறது பொரிக்கிறது எல்லாம் நான் கொப்பியில் எழுதுகிறவள். ஆருக்கு, எந்த நாள், எத்தனை கரண்டி. விரத நாள்களைக் குறிக்கத் தொடங்கிய பழக்கம் அப்படியே வளர்ந்துவிட்டது. லேவனுக்கு அவித்ததை எழுதிய பக்கத்தைத் துளசியைக் கொண்டு பிரெஞ்சில் எழுதுவித்து, "இதைக் கழக டொக்டரிட்டைக் குடும்" என்றேன். லேவன் வேண்டாம் என்றான். கேட்காததை நாங்களே ஏன் சொல்ல வேண்டும் என்றான். "மறைச்சுப்போட்டு நான் சாமிக்கு முன்னாலை நிக்கேலாது" என்றேன். அவன் அதை மடித்துப் பையில் வைத்தான்.

டொக்டர் ஒவ்வொரு வரியாக வாசித்துக் கடைசி வரியில் விரலை வைத்தாராம். "அண்ணையின் தூள், ஒரு தேக்கரண்டி. இது என்ன?"

"தெரியாது. அண்ணைக்குத்தான் தெரியும்," என்றானாம் லேவன்.

"அப்போ அண்ணையைக் கேட்டுச் சொல்லும்."

"அவர் இறந்துவிட்டார்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாராம். முடிவு வரும்வரை காத்திருப்பதைவிட வேறு வழியில்லை என்றாராம்.

ஐந்து கிழமை, அண்ணை. முருகன் கோயிலுக்கு நடந்தே போனேன். கோப்பி குடிப்பதை விட்டேன். லேவன் தன் அறையில் குதிரை மேல் ஈட்டியோடு இருக்கிற அவர்களுடைய புனிதரின் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினான். கையில் ஈட்டி இருக்கிறது, அவரும் எங்கடை முருகன் மாதிரித்தான் என்று நான் அவரிடமும் சொல்லி வைத்தேன். ஊரில் இருக்கிற தாயோடு பேச அவன் டெலிபோன் கார்ட் வாங்கிவருவான். எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்க முன் வைத்துவிடுவான். ஒரு நாள் கீழ் அறையில் தலையணைக்குள் முகத்தை வைத்து இருமுகிற சத்தம் கேட்டது. நான் மல்லித்தண்ணீரோடு வந்துவிடுவேன் என்ற பயமா, வராமல் நின்று நான் வேதனைப்படுவேன் என்ற கவலையா? இன்றுவரை கேட்கவில்லை.

அந்தப் பேணியைக் குப்பையில் போட இரண்டு தரம் கொண்டுபோனேன். மூடியில் உங்கள் விரல் பட்ட எண்ணெய்க்கறை இருந்தது. திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வியாழக்கிழமை, அந்த டெலிபோன், "ஒண்டும் இல்லை, தங்கச்சி." சோதனையில் தடை மருந்து ஒன்றும் இல்லையாம். இவர் லேவனைக் கட்டிப்பிடித்தார். "நான் அப்பவே சொன்னனான், அத்தான் பிழையான சாமான் வைக்கமாட்டார் எண்டு" என்றார். துளசியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இனி என்ன, ஒரு கோப்பி போட்டுக் குடித்தேன்.

போன கிழமை லேவன் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான், இரண்டு வருசத்துக்கு. அந்த ஆட்டத்தின் சட்டையைத் தோய்க்காமல் கொண்டுவந்து உங்கள் படத்துக்குக் கீழே வைத்தான். தோய்க்கிறது அண்ணையின் வேலை என்கிறான். நாற்றம்தான், ஆனாலும் எடுக்கவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணை. உள்ளே என்ன இருக்கிறதென்று என் கொப்பியில் எழுத முடியாத எதையும் இனி ஒருவரின் கோப்பைக்குள்ளும் போடமாட்டேன். உங்களுடையதாக இருந்தாலும்.

அதனால்தான் இந்தக் கடிதம். நேற்று லேவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, "தங்கச்சி, மல்லித்தண்ணி?" என்று கேட்டான். டொக்டரும் மல்லித்தண்ணீர் கேட்டு அனுப்பினாராம், கழகத்தில் இன்னும் நாலு பேருக்குத் தடிமனாம். பேணியில் இரண்டு கரண்டிதான் மிச்சம். பனி தொடங்கப்போகிறது. சொன்னால் வேலை செய்யாது என்ற கதையை இப்போதாவது விடுங்கள். கனவில் என்றாலும் பரவாயில்லை, தலைமாட்டில் கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

அதற்குள்ளே என்ன இருக்கிறது? கெதியாய்ப் பதில் சொல்லுங்கள்.

உங்களுக்கும், இப்போது லேவனுக்கும்,
தங்கச்சி