விளக்கு வைக்கும் முன்னே மீன்சோறு

அக்கா,

இன்றைக்குக் காலையில் கரையில் மீன் ஏலம் முடிந்ததும் ஆப்ப வாசனை வந்தது. ஆப்பக்காரி வழக்கம்போல எனக்குத் தட்டை நீட்டினாள். "வேணாம், வெறும் டீ குடு. சக்கரை போடாத" என்றேன்.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? போனவளும் இப்படித்தான் குடிச்சிகினு இருந்தா" என்றாள்.

போனவள் என்றால் நீதான்.

நீ இதை ஆரம்பித்தபோது எனக்குப் பிடிக்கவே இல்லை. எத்தனை வருஷம் நாம் ரெண்டு பேரும் ஒரே தட்டில் ஆப்பம் பிட்டுத் தின்றோம். அணுபுரம் காலனியில் நீ மீன் போடுகிற வீட்டு அம்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பொழுதோடு சாப்பிட்டு முடித்து, மறுநாள் மதியம் வரைக்கும் வயிற்றைச் சும்மா விடணுமாம். நடுவில் தண்ணியும் வெறும் டீயும்தானாம். "சக்கரையும் எறங்கும், இடுப்பும் எறங்கும்டி" என்று குதித்தாய். நான் தனியாக ஒரு தட்டு வாங்கி, உன் மூஞ்சிக்கு நேராகத் தேங்காய்ப்பால் ஊற்றித் தின்றேன்.

"இன்னாடி, பழி வாங்கறியா?"

"பசிக்குது, துன்றேன். உனக்கின்னா?"

மொதல் வாரம் உனக்குத் தலைவலி. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாய். விட்டுவிடுவாய் என்று சந்தோஷப்பட்டேன். நீ விடவில்லை. போகப் போக ஜாக்கெட் தொளதொள என்று ஆனது. "இன்னாக்கா, பொண்ணு பாக்க வரச் சொல்லட்டா?" என்று வலைக்காரன் ஒருத்தன் கேலி பண்ணினான். எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட எரிந்தது, மதியம் உன் பட்டினி முடிவது அந்த அம்மா வீட்டு மேசையில் என்பது. பசித்த வயிற்றுக்கு மொதல் கவளம் அங்கே. சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்னே என் வாசலில் உட்கார்ந்து மீன்சோறு தின்பாய். மிச்சம் மீதிப் பசியைத்தானே எனக்குக் கொண்டுவருகிறாள் என்று நினைப்பேன்.

ரோட்டைத் தாண்டும்போது வேன் மோதி நீ போய்விட்டாய். உன்னைக் கிடத்தியிருந்த இடத்துக்கு அந்த அம்மா வந்து என்னைவிடச் சத்தமாக அழுதார்கள். அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது எனக்கும் சக்கரை. "மாத்திர துன்றவ டாக்டரக் கேக்காம பட்டினி கெடக்கக் கூடாது" என்பாயே, அதனால் ஆஸ்பத்திரியில் கேட்டேன். மாத்திரையைக் குறைத்துக் கொடுத்து, கை நடுங்கினால் உடனே எதையாவது சாப்பிடச் சொன்னார்கள்.

உன் வாடிக்கை வீடெல்லாம் இப்போது என் கூடைக்குத்தான். மதியம் அந்த அம்மா வீட்டுக்கு வஞ்சிரம் கொண்டுபோனேன். நான் பட்டினி என்று தெரிந்ததும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நீ உட்காரும் நாற்காலியாம். சோறு, கூட்டு, ரசம் எல்லாம் வைத்தார்கள். மீன் வறுவலை மட்டும் தள்ளி வைத்தார்கள்.

"நீங்களும் மீன் சாப்பிட மாட்டீங்கல்ல? அவங்க ஒரு நாள்கூட இங்க மீன் தொட்டதில்ல. சாமி விரதம் மாதிரி நெனச்சுட்டாங்க போல. இதுல மீன் சாப்பிடலாம்னு எவ்வளவோ சொன்னேன். சிரிச்சுக்கிட்டே வேணாம்மான்னுடுவாங்க."

சாமி விரதமா? நீயா? சாயங்காலமானால் என் சட்டியில் நடுத்துண்டுக்குச் சண்டை போட்டவள். முள்ளைக்கூடச் சப்பாமல் விடாதவள். அவ்வளவு பசியிலும் அங்கே மீனைத் தொடாமல்தான் என்னிடம் வந்திருக்கிறாய்.

அந்த அம்மாவிடம் "ஆமாம்மா, எங்க ஆளுங்க அப்படித்தான்" என்று சொல்லி ரசத்தை ஊற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் இதிலும் அவர்களுக்குப் பங்கு போய்விடும். இதையாவது நானே வைத்துக்கொள்கிறேன்.

நானும் அங்கே மீன் தொடவில்லை. இனிமேலும் தொட மாட்டேன். இதோ, பக்கத்து வீடுகளில் இன்னும் விளக்கு ஏற்றவில்லை. சட்டியோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். நடுத்துண்டு சண்டையில்லாமல் எனக்கே கிடைத்துவிட்டது, அக்கா.