சட்டை முதுகில் பிக்கோன்

மபலகட், பம்பாங்கா
திருவிழா முடிந்த திங்கட்கிழமை

அன்புள்ள மகன் ரோடெலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அக்கா லீசல், அவள் பிள்ளைகள், நான் எல்லோரும் மாதா புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கு என்ன என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அமெரிக்கக் குளிருக்கு உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ "அம்மா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், கோல்பியும் பக்கத்துல இருக்காரு, ஹலோ சொல்லு" என்கிறாய். உன் மேனேஜருக்கு ஹலோ சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. அதனால் நர்ஸ் வேலைக்கு உங்கள் ஊருக்கு வருகிற பக்கத்துத் தெரு மாரிவிக் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

லாஸ் வேகஸில் நீ ஆடிய அன்று அம்போ அண்ணன் பில்லியர்ட்ஸ் கூடத்தில் நிற்க இடமில்லை. வாசலில் என் கஞ்சிக் கடை அடுப்பை அணைத்துவிட்டு நானும் உள்ளே போய்விட்டேன், என் பையன் ஆடும்போது எவனுக்குக் கஞ்சி வேண்டும். சட்டைக் கையில் பிலிப்பைன்ஸ் கொடியோடு நீ திரையில் வந்ததும் ஒரே கைதட்டல். அப்புறம் அடிக்கக் குனிந்தாய், முதுகு தெரிந்தது. லக்சமானா என்று இருக்க வேண்டிய இடத்தில் கொட்டை எழுத்தில் பிக்கோன் என்று இருந்தது. கைதட்டல் அப்படியே நின்றது. "அச்சடிச்சவன் தப்பு பண்ணியிருப்பான்" என்று யாரோ எனக்காகச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ஒன்பதாம் நம்பர் பந்து. நீ அடித்தது மூலைக் குழிக்கு, அது ஊரெல்லாம் முட்டிக்கொண்டு போய் நடுக்குழியில் விழுந்தது. சுத்தமான குருட்டடி. குருட்டடி விழுந்தால் எதிராளியைப் பார்த்துக் கையைத் தூக்கி, மன்னிச்சுக்கோ என்று ஒரு தலையசைப்பு, அது நம் கூடத்தில் பல் முளைக்காத பயலுக்கும் தெரியும். நீ என்ன செய்தாய்? மார்பில் குத்திக்கொண்டாய். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த ஹாலந்துக்காரர் ஹெங்க் முன்னால் போய் நின்று, உலகமே கேட்க, "தாத்தா, வீட்டுக்குப் போய்ப் படு" என்றாய். அடுத்ததாக லேசான பந்து ஒன்றைத் தவறவிட்டாய், உடனே நாற்காலியை உதைத்தாய். கடைசியில் தோற்கவும் செய்தாய். உன் அப்பா எழுந்து வெளியே போய் ட்ரைசிக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார், காலையில்தான் அதைத் துடைத்திருந்தார். அன்றிலிருந்து அவர் அந்தக் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. சவாரி கேட்டு வருகிறவர்கள் உன்னைப் பற்றி விசாரித்தால் வண்டியின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறாராம்.

மறுநாள் நீ சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னாய். முன்கோபி என்று பொருள் வரும்படி ஊர்மொழியில் ஒரு பட்டப்பெயர் வேண்டும் என்று கோல்பி கேட்டாராம், நீ பிக்கோன் என்று எடுத்துக் கொடுத்தாயாம். டேய், முன்கோபி வேறு பிக்கோன் வேறு. அந்த வெள்ளைக்காரருக்குத் தெரியாது சரி, உனக்குமா தெரியாது? முன்கோபிக்கு நம் ஊரில் பயப்படுவார்கள், பிக்கோனைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாலு பேர் கிண்டல் பண்ணினால் தாங்காமல் மூஞ்சி சிவந்து ஆட்டத்தைக் கலைத்துவிட்டு ஓடுகிறவன் பிக்கோன். பிக்கோன் ஆனவன் தோற்றவன் என்று சொல்லித்தானே தெருவில் ஒருத்தரை ஒருத்தர் சீண்டி வளர்ந்தீர்கள். நீ தோற்கும் முன்பே தோல்வியை முதுகில் அச்சடித்துக்கொண்டு போய் நிற்கிறாய். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம், அதுவாவது குளிர்ச்சிக்குப் போட்டுக்கொள்கிறது.

நீ சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. "நல்ல பிள்ளைய யாரும்மா பாக்குறாங்க? ஒரு வில்லன் இருந்தாத்தான் டிவிக்காரன் வருவான், அப்பத்தான் இந்த ஆட்டம் சூதாட்டக் கொட்டகைய விட்டு வெளிய வரும்" என்றாய். கூட்டம் வந்தது, வாஸ்தவம். இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்தார்கள். ஆனால் அவர்கள் வந்தது நீ தோற்பதைப் பார்க்க. நீ தோற்றதும் எழுந்து போய்விட்டார்கள், அடுத்து நடந்த எவ்வளவோ நல்ல ஆட்டத்தை ஒரு ஈ காக்கை பார்க்கவில்லை. வில்லனை நம்பி வருகிற கூட்டம் அவ்வளவுதான் மகனே. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வாண்டுகள் இப்போது பந்து தவறினால் நாற்காலியை உதைக்கின்றன. அம்போ அண்ணன் நாற்காலிகளைச் சுவரோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். என்னைக் கண்டால் முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். அதற்காக உன்னை மௌனச் சாமியார் மாதிரி ஆடச் சொல்லவில்லை. நீ இங்கே ஆடிய காலத்தில் பந்து தவறினால் குழிக்குள் குனிந்து, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா, கதவத் திறங்கப்பா" என்று தட்டுவாய். அதைக் கேட்கவென்றே, ஆட்டம் இன்னதென்று தெரியாத பெண்கள்கூட இடுப்பில் துணிக்கூடையோடு வந்து நின்றார்கள், நின்று நின்றே ஆட்டத்தையும் கற்றுக்கொண்டார்கள். அதுவும் ஒரு குணம்தானே, அதை விற்கக் கோல்பிக்குத் தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஹெங்க் இங்கே வந்தார். மணிலா போட்டிக்காக முன்கூட்டியே வந்திருந்தவரைத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் வளைத்துப் பிடித்து, நம் கூடத்தில் கறிக்கடை பொயிங்கோடு ஒரு ஆட்டம் ஆட அழைத்துவிட்டார்கள். ஊரே கறுவிக்கொண்டு வந்தது. உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ எங்கள் பயல், அவர் உன்னை ஜெயித்தவர். கிண்டலிலேயே அவரை வறுத்தெடுத்து அனுப்புவது என்று முடிவு. உள்ளே நுழையும்போதே நிலையில் தலையை இடித்துக்கொண்டார், அவ்வளவு உயரம். "அண்ணே, மேல மழை வருதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றான் ஒருத்தன். அவருடைய வழுக்கையைப் பார்த்து, "மேசையில ஒரு வெள்ளைப் பந்து, தோள் மேல ஒரு வெள்ளைப் பந்து, எத அடிக்கப் போறாரு" என்றான் இன்னொருத்தன். அவர் குனியும்போதெல்லாம் தும்மல், இருமல், தட்டு விழுகிற சத்தம். அவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார். கடைசியில் பின்னாலிருந்து எவனோ, நீ சொன்ன அதே வார்த்தையை, நீ சொன்ன அதே இங்கிலீஷில், தாத்தா வீட்டுக்குப் போய்ப் படு என்று கத்தினான். அது அவருக்குப் புரிந்துவிட்டது. கோலைப் பிடித்தபடி நிமிர்ந்தார். காதுவரை சிவந்திருந்தார். உண்மையைச் சொல்கிறேன், அவர் வெடித்துவிட வேண்டும் என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். அவர் கோலை வீசி எறிந்தால், பார்த்தீங்களா, யாருக்குத்தான் கோபம் வராது என்று உன் அப்பாவிடம் போய்ச் சொல்லலாம் இல்லையா. அந்த மனிதர் ஒரு கொட்டாவி விட்டார். கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் கன்னத்துக்குக் கீழே வைத்து, மேசை ஓரத்தில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, நீ அடி என்று பொயிங்குக்குச் சைகை காட்டினார். கத்தினவனே முதலில் சிரித்தான்.

கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது இரண்டு பேரும் சரிக்குச் சரி. மேசையில் மிச்சமிருந்த பந்துகளை ஹெங்க் ஒரே மூச்சில் முடித்துவிடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்தது, பொயிங் தோல்வி என்றே நினைத்துக் கோலை இரண்டாகக் கழற்றவே தொடங்கிவிட்டான். ஹெங்க் குனிந்தார், அப்படியே நின்றார். சட்டைக் கை ஒரு பந்தின்மேல் பட்டுவிட்டது என்று தன் கையைக் காட்டிச் சொன்னார். நடுவராக நின்ற அம்போ அண்ணன் பார்க்கவில்லை, பொயிங் பார்க்கவில்லை, அவர் தோளுக்கு நேராக நின்ற நானும் பார்க்கவில்லை. ஃபவுல் ஆனால் வெள்ளைப் பந்தை எதிராளி கையில் கொடுத்துவிட வேண்டும், அவன் இஷ்டப்பட்ட இடத்தில் வைத்து அடிக்கலாம், ஆட்டம் அவனுக்குத்தான். ஹெங்க் பந்தை எடுக்கவில்லை. பொயிங்குக்கு முன்னால் போய்த் தன் வழுக்கைத் தலையைக் குனிந்து நீட்டினார், இந்தா, எங்க வேணா வச்சுக்கோ என்று. மொழி தெரியாவிட்டாலும் பயல்கள் செய்த கிண்டல் அவருக்குப் புரிந்துதான் இருந்திருக்கிறது. பொயிங் அந்தத் தலையைத் தடவிப் பார்த்து, "இது பெருசா இருக்கு, குழியில போகாது" என்றான். தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை. பொயிங் ஜெயித்தான், தோற்றவரைச் சுற்றிக் கூட்டம். அந்த நேரத்தில்தான் எவனோ சத்தமாகச் சொன்னான், "இவருய்யா ஆட்டக்காரரு! நம்ம பய வெறும் பிக்கோன்!" சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கஞ்சிக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டோடு நான் நடுவில் நின்றிருந்தேன்.

ஏன் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள் என்று ஹெங்க் கேட்க, அம்போ அண்ணனுக்கு எதைச் சொல்வது எதை விடுவது என்று எப்போது தெரிந்தது, இவங்கதான் ரோடெல் அம்மா என்று போட்டு உடைத்துவிட்டார். அவர் நேரே என்னிடம் வந்தார். உனக்காக மன்னிப்புக் கேட்பதற்கு நான் வார்த்தையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் தட்டை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னதை பக்கத்தில் நின்ற லீசல் எனக்கு நம் மொழியில் மாற்றிச் சொன்னாள். "உங்க பையன் மேல எனக்கு வருத்தமே இல்லைங்க. ஆட்டம் முடிஞ்ச அன்னிக்கே என் ரூமுக்கு வந்தான். கதவச் சாத்திட்டு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான். வெளிய மட்டும் சொல்லிராதீங்க, மேனேஜர் கோவிச்சுக்குவாருன்னான். நான் யார்கிட்டயும் சொல்லல, அம்மாங்கிறதால உங்ககிட்ட சொல்றேன்." ரோடெல், அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. என் பிள்ளை கெட்டுப்போகவில்லை என்று அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார், இஞ்சி தூக்கல் என்றார், போய்விட்டார். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. நாலு பேர் பார்க்க அடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கும்பிடுவதா? அவமானம் ஊரறிய, மன்னிப்பு மட்டும் காதும் காதும் வைத்தாற்போலவா? நீ பிறவியிலேயே முரடன் என்றால்கூட அவன் குணம் அப்படி என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். எல்லோரும் கெட்டதை ஒளித்து வைத்து நல்லதைக் காட்டுவார்கள், நீ ஒருத்தன்தான் நல்லதை ஒளித்து வைத்துக் கெட்டதைக் காட்டிப் பிழைக்கிறாய். அந்த மனிதரையும் உனக்காக வாயை மூடிக்கொள்ள வைத்துவிட்டாய், அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மணிலாவில் உனக்கு முதல் ஆட்டமே அவரோடுதான் என்று லீசல் சொன்னாள். பிக்கோன் என்று உன் படம் போட்ட விளம்பரம் அங்கே பாலத்தடியில் எல்லாம் ஒட்டியிருக்கிறதாம், ஜீப்னி வண்டியில் போகிறவர்கள் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார்களாம். வருகிற வருஷம் முழுவதும் அந்தப் பெயரிலேயே ஆடுவதற்கு மணிலாவில் வைத்துக் கோல்பி உன்னிடம் கையெழுத்து வாங்கப் போகிறார் என்றும் கேள்விப்பட்டேன். ஒப்பந்தமெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் கையெழுத்தை எந்தப் பெயரில் போடுவாய், அதை மட்டும் யோசித்துப் பார். கோல்பி கைவிட்டால் அங்கே உனக்கு ஆட்டமே இல்லாமல் போகலாம், நீ மறுபடியும் இந்தக் கூடத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கலாம், அதை நினைத்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடுதான் சொல்கிறேன். அறைக்குள் அவரிடம் சொன்னதை மேடையில், விளக்குக்குக் கீழே, எல்லோரும் கேட்கச் சொல். கூச்சமாக இருந்தால் சிரிக்க வைத்துச் சொல், உனக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே. அப்புறம் ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, அந்தக் கூட்டம் உன் அடுத்த ஆட்டத்துக்கும் வரும்.

தோளுக்கு மாரிவிக்கிடம் தைலம் கொடுத்திருக்கிறேன், அடிப்பதற்கு முன்னால் தடவாதே, கை வழுக்கும். மணிலாவில் இறங்கியதும் லீசலுக்குச் சொல்லு. வெறும் வயிற்றோடு ஆடாதே. மாதா உன் கையையும் நாக்கையும் காப்பாற்றட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு, கோபமாக இருக்கும்போதும் உண்டு. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. உன் அப்பா மணிலாவுக்கு வருகிறார். யாரிடமும் சொல்லாமல் போய் இடம் பிடித்து வைத்திருக்கிறார். அங்கே போய் யாருக்குக் கைதட்டப் போகிறீர்கள், ரோடெலுக்கா ஹெங்குக்கா என்று கேட்டேன். ட்ரைசிக்கிள் துடைக்கிற துணியை எடுத்து உதறினார். பிறகு, "அவன் பந்தடிக்கக் குனியட்டும், முதுகப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா
பெர்லா லக்சமானா