முட்டையாகிப்போன தூசி

பிரியமுள்ள மச்சானுக்கு,

நீங்கள் போன பிறகு வந்த முதல் கோடை விழா. ஏரிப் பக்கத்து மண்டபத்தில் புகைப்படக் கண்காட்சி நடக்கிறது. ஒரு சுவர் முழுக்க நீங்கள் எடுத்த படங்கள். கீழே பெயர் மட்டும் ஸ்டான்லி.

ஆமாம், படக் கிளப் செயலாளர் ஸ்டான்லிதான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கூப்பிட்டு, படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தீர்களே, அதே ஆள். ஞாயிறுதோறும் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு நீங்கள் கிளம்பும்போது கூட வந்தவன் நான். செண்பகனூர் மதில்களில் பாசி சுரண்டி, ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பில் நீர்க்கரடி தேடியவன் நான். எட்டுக் காலோடு அந்தப் பொடிப் பிராணி முதலில் நகர்ந்தபோது உங்கள் தோளைப் பிடித்து உலுக்கியவன் நான். என்னிடம் ஏன் கொடுக்கவில்லை?

அக்காவிடம் சொன்னேன். "விட்டுர்றா தம்பி. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வெரசா கார் எடுத்துட்டு வந்தது அவருதான். செத்த மனுசனுக்குப் பேரு எதுக்கு?" என்றாள். அப்படியே உங்கள் பேச்சு. பிடிவாதமாக அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் படத்துக்குக் கீழே, 'நீர்க்கரடி, தன் முட்டையுடன்' என்று எழுதியிருந்தது. மேல் மூலையில் இருந்த கறுப்புப் புள்ளிதான் முட்டையாம்! உங்கள் கேமராவின் சென்சாரில் ஒட்டியிருந்த தூசி, மச்சான். கடைசியாக நீங்கள் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அதே மூலையில் இருக்கும். துடையுங்கள் என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்? "கெடக்குது விடு மாப்ள, நமக்கு வேற சோலி இல்லையா" என்பீர்கள். மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவையாவது கண்ணை வைத்தவன் அதை முட்டை என்பானா?

அக்கா அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். டேலியா பூ. அதே மூலையில் அதே புள்ளி. திரும்பிப் போய் முதல் படத்தையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க ஸ்டான்லி சார், இந்தப் பூவும் முட்டை போட்டுருக்குங்களா?"

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சுருங்கியது. "இயற்கை எல்லாருக்கும் பொதுதானேம்மா. போட்டோ யாரு எடுத்தா என்ன?"

"அப்ப அங்க உங்க பேரு எதுக்குங்க கெடக்கு?"

கடைசியில், கீழே சின்னதாக 'உதவி' என்று உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றார். உதவி! டவுன் பஸ் பிடித்துத் திரும்பினோம். பெருமாள்மலையில் இறங்கும்போது அக்கா சொன்னாள்: "நாளைக்கு வெள்ளனே போவோம்டா தம்பி."

கார் எடுத்து வந்த நன்றிக்காகவா கொடுத்தீர்கள்? இல்லை, நான் கத்துவேன் என்றா? ஒரு படத்திலும் பெயர் போடாமல் இருந்ததை ஊர் பெருந்தன்மை என்கிறது. நான் திமிர் என்கிறேன். அந்தத் திமிரால்தான் இன்று அக்கா சபையில் நின்று கேட்க வேண்டியதாயிற்று.

நாளை மண்டபம் திறக்கும்போது நாங்கள் வாசலில் நிற்போம். 'படம்: மரியதாஸ், பெருமாள்மலை' என்று ஒவ்வொன்றின் கீழும் வரும். வராவிட்டால் படங்கள் சுவரில் இருக்காது. இது சத்தியம். உங்களை மன்னிப்பது பற்றி மட்டும் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

கோபம் ஆறாத உங்கள் மச்சினன்,
தேவராஜ்