ஹார்ப் வாய் திறந்துவிட்டது, தம்பி

என் ராசா, என் தம்பி சுந்தரத்துக்கு,

பாடிடுச்சுடா! நேற்று சாயங்காலம் சின்ன காஞ்சிபுரத்தில், நம் பட்டறையிலேயே அந்த ஹார்ப் பாடிவிட்டது. கோயில் வாகனங்களுக்குத் தங்க ரேக்கு ஒட்டும் உன் அக்கா நான், ரேக்குத் தூரிகையைக் கையில் பிடித்தபடியே அழுதுகொண்டு சிரித்தேன்.

புதுச்சேரி பிரெஞ்சுக்கார அம்மா அதை அனுப்பிய நாள் ஞாபகம் இருக்கிறதா? யாழ் மாதிரி, ஆள் உயரம். தந்திகள் கட்டிய பலகை முழுக்க ரோஜா மாலை தீட்டியிருந்தது. பொன் பூசிய தூணின் உச்சியில் இரண்டு ஆட்டுத் தலைகள், அவற்றில் ஒன்று உடைந்திருந்தது. "எந்த ஊர் தச்சனோ, கொம்புல எத்தனை சுருள் பாருக்கா!" என்று குதித்தாய். நீ செதுக்கிய தலையை அசலோடு வைத்தபோது எனக்கே எது எதுவென்று தெரியவில்லை.

அதைப் பொருத்த உச்சியைக் கழற்றினால், தூணுக்குள் வெறும் பொந்து. கரையான் தின்றது என்று நினைத்தோம். சாமியைச் சுமக்கிற மரத்தில் பொந்து இருந்தால் நாம் என்ன செய்வோம்? மரத்தூளையும் வச்சிரப் பசையையும் குழைத்து அடைப்போம். அடைத்தோம். அத்தோடு அடியில் இருந்த ஏழு மிதிகட்டைகளும் அசையாமல் நின்றுவிட்டன. மிதித்தால் சுருதியை ஏற்றும் கம்பிகள் அந்தப் பொந்துக்குள்தான் ஓடுகின்றன என்று நமக்கு யார் சொன்னார்கள்?

"ஊமையாக்கிட்டேன்க்கா" என்று காய்ச்சலிலும் புலம்பினாய். அதே நினைப்போடு போயும்விட்டாய்.

இப்போது கேள். கொதிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பசையை இளக்கினேன். தூணின் பொன்னெல்லாம் உரிந்துவிட்டது. உரியட்டுமே, அது என் வேலைதானே! மூச்சை அடக்கிக்கொண்டு ரேக்கு ரேக்காக மறுபடி ஒட்டினேன்.

நேற்று அந்த அம்மா வந்து தந்தியை மீட்டிக்கொண்டே மிதித்தார். சுருதி ஏறியதுடா, ஏழு கட்டைக்கும் ஏறியது!

"இந்தத் தலை யார் செஞ்சது?"

"என் தம்பிங்கம்மா."

"தூணை அடைச்சது?"

"நான் அடைக்கச் சொன்னேம்மா. அவன் வேணாம்னுதான் சொன்னான்."

ஆமாம்டா. "உள்ள என்னமோ இருக்குது, பொறுக்கா" என்றாய். "பெரிய மேஸ்திரி வந்துட்டான், அடைடா" என்று அதட்டியவள் நான். நீ புலம்பியபோது ஒரு வார்த்தை சொல்லாமல் உன் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை? எனக்கே தெரியவில்லை.

இனி யார் கேட்டாலும் சொல்வேன்: செதுக்கியவன் நீ, கெடுத்தவள் நான். இது சத்தியம்.

அன்று உன்னை அதட்டிய,
உன் அக்கா