மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட அண்ணனுக்கு

ஊருக்கெல்லாம் முன்னேறும் வழி சொன்ன என் செல்ல அண்ணனுக்கு,

நிதானமாக உட்கார்ந்து எழுதப் பொறுமையில்லை, அண்ணே. என் மாமனார் இன்று காலையில் உன்னைப் பற்றிப் பேசினார்! ஆறு வருஷத்துக்கு அப்புறம், என் வீட்டுக் கூடத்தில், எல்லோர் முன்னாலும். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

கந்தர்வக்கோட்டை உரக்கடையில் மூட்டைக் கணக்குப் பார்த்த நீ, புதுக்கோட்டைக்குப் போனால் அண்ணிக்குப் பூ வாங்கினாயோ இல்லையோ, வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று ஒரு புத்தகம் வாங்காமல் பஸ் ஏறியதில்லை. விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளி என்றது ஒரு புத்தகம். மூன்றாம் நாளே நீ போர்வைக்குள் ஆவி பிடித்துக்கொண்டிருந்தாய். ‘என்னால் முடியும்’ என்று கண்ணாடியில் சீட்டு ஒட்டினாய். அண்ணி அதன்மேலேயே வரிசையாக ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்தார்.

அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அந்தப் பேர் பாடம்தான் நம்மைக் கவிழ்த்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் பேர் சொல்லி வணக்கம் வை, பேச்சில் இரண்டு தடவையாவது அந்தப் பேர் வரட்டும் என்று எவனோ எழுதியிருந்தான். நீ அதை முயற்சி செய்து பார்க்க வேறு ஆளே கிடைக்கவில்லையா?

குன்றாண்டார்கோவிலில் என் மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் சீரோடு வருகிறார் என்று அத்தனை சனமும் வாசலில் நிற்கிறது. நீ நேரே என் மாமனாரிடம் போய், முகமெல்லாம் சிரிப்பாக, “வணக்கம் கருப்பையா. எப்படி இருக்கீங்க கருப்பையா?” என்றாய்.

பெண் கொடுத்த வீட்டுக்காரன் சபையில் வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறானா என்று மாமா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

மறுநாளே மன்னிப்புக் கேட்க வந்தாய். மாமா கொல்லைப்பக்கமாக எழுந்து போனார். “கோவம் ஆறட்டும்ண்ணே, நான் சொல்றப்ப வா” என்று உன்னை அனுப்பி வைத்தவள் நான். அப்புறம் நான் சொல்லவே இல்லையே, அண்ணே! இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பயந்தே காலத்தை ஓட்டினேன். போன தை மாதம் நெஞ்சுவலி வந்து நீயும் போய்விட்டாய். மாமா உன் தெருமுனை வரைக்கும் வந்து, நின்று, திரும்பிப் போனார். செத்த பிறகுமா இந்த வீம்பு என்று அவரை மனதுக்குள் எவ்வளவு திட்டினேன் தெரியுமா?

இப்போது சேதிக்கு வருகிறேன். ஆவணியில் உன் மகள் கயலுக்குக் கல்யாணம்! மாப்பிள்ளை தங்கமான பையன். இன்று அண்ணியும் கயலும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க வந்தார்கள். மாமா எழுந்து போய்விடுவாரோ என்று காபி டம்ளரோடு கொல்லைக் கதவை மறித்து நின்றேன்.

அவர் போகவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையைப் பிரித்தார். பெரியவர்கள் வரிசையில் முதலாவதாக அவர் பேரைப் போட்டிருந்தாள் உன் மகள். அதை வாய்விட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு கயலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

“எங்க ஆத்தா போனதுலேர்ந்து எனக்குப் பேரே இல்லாமப் போச்சு தாயி. மாமா, அய்யா, பெருசு, அம்புட்டுத்தான். பேரச் சொல்லிக் கூப்பிட்டவன் ஒங்கப்பன் ஒருத்தன்தான்.”

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. “அப்பறம் ஏன் மாமா இத்தன வருசம்?” என்று கேட்டேவிட்டேன்.

“கோவம் ரெண்டு நாளுதான்த்தா இருந்துச்சு. பெறகு வருவான் வருவான்னு வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நானாப் போக வெக்கமா இருந்துச்சு.”

கேட்டாயா, அண்ணே? இரண்டே நாள்! நீ வாங்கிக் குவித்த புத்தகங்களில் ஒன்றிலாவது இதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா?

நான் அழுத அழுகையில் மாமா பதறிப்போய், அண்ணியைக் காபி குடிக்கச் சொல்லி உபசரிக்க ஆரம்பித்துவிட்டார். மண்டபத்தில் மைக்கில் தன் பேரைச் சொல்லித்தான் வரவேற்க வேண்டும் என்று கயலிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இப்போது பத்திரிகையும் கையுமாகத் தெருவில் வீடு வீடாகக் காட்டிக்கொண்டு திரிகிறார். நீ இருந்து பார்த்திருக்க வேண்டாமா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி யாரோடு எனக்கு மனத்தாங்கல் வந்தாலும், தப்பு யார் பக்கம் இருந்தாலும், மூன்றாம் நாள் அவர்கள் வாசலில் நான் நிற்பேன். ஆறட்டும் என்று இன்னொரு முறை யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன்.

உன்னை வரச்சொல்லத் தவறிய தங்கச்சி,
மலர்