வாசலுக்குச் சரிந்த கொங்கிறீட்

அன்பு மகள் றஸ்னாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். கத்தாரில் நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே உம்மாவுக்குச் சுகம், எனக்கும் உடம்பில் குறையில்லை, பொறுமையில்தான் குறை. போனில் கதைத்தால் பக்கத்தில் மருமகன் இருப்பார், அதனால்தான் நாளை அங்கே திரும்பும் அப்துல் ஸமட்டின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன், தனியே இருந்து வாசி.

உனக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில், றோட்டிலிருந்து போட்டிகோ வரை வாகனம் வரும் பாதை குண்டும் குழியுமாகக் கிடந்ததல்லவா, நீ பிள்ளைப்பேற்றுக்கு வருமுன் திருத்துவோமென்று கிறவல் கொட்டிக் கொங்கிறீட் போடுவித்தேன். மேசன் வேலையை மருமகனின் மாமா பதியுதீனிடம்தான் கொடுத்தேன், வேறு ஆளிடம் கொடுத்தால் அதுவும் ஒரு கதையாகும். வாசல் பக்கம் சரித்து விடுங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். கொழும்பில் இத்தனை வருடம் கிடந்த வாய், றோட்டுக் கேற்றை வாசல் என்றுவிட்டது. அவருக்கு வாசல் என்றால் வீட்டுக் கதவடி, றோட்டோரம் இருப்பது கடப்பு. மனுசன் மட்டம் பிடித்து அச்சொட்டாகச் சரித்திருக்கிறார், வீட்டை நோக்கி.

செவ்வாய்க்கிழமை மழையில் உன் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர், நீ பிள்ளையோடு படுக்கப்போகும் அறை. அவரைக் கூட்டிவந்து காட்டினால், "கடப்பெண்டு செல்லியிருந்தா கடப்புக்குச் சரிச்சிரிப்பன், நீங்க வாசலெண்டுதானே செல்லின" என்கிறார். சரி, சொன்னது நான்தான், அதற்காக யாராவது மழையை வீட்டுக்குள் அழைப்பார்களா. உடைப்போம் என்றால், "நான் போட்ட கொங்கிறீட்ட இந்த ஊர்ல ஒருத்தனும் ஒடைக்கல்ல, நீங்க இன்னும் பொடியன், அவசரப்படாதீங்க, கதவடியில அரையடிக் கட்டொண்டு வெச்சித் தாறன்" என்று சிரிக்கிறார். எனக்கு நாற்பத்திரண்டு வயது. அந்தக் கட்டை நிறைமாத வயிற்றோடு தாண்டப்போவது நீ. தேங்கும் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன், காயும் என்றார். டெக்னிக்கல் கொலிஜில் எனக்கு இதைப் படிப்பிக்கவில்லை. இதற்குள் மருமகன் வேறு, மாமாவின் மனம் நோகாமல் பாருங்கள் என்று வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். மனம் நொந்தால் ஒரு பெருநாளில் ஆறும், மாரி வந்தால் தரை ஆறாது. நான் கேட்டால் பகை, மருமகன் கேட்டால் மரியாதை. அவரே போன் எடுத்து உடைக்கச் சொல்லட்டும். நீ அழாமல், சுற்றி வளைக்காமல், நேராக அவரிடம் சொல்.

இரும்புச்சத்துக் குளிசையை விடாதே, வெயிலில் அலையாதே. ரப்பு உனக்கு லேசான பிரசவத்தைத் தரட்டும். மறக்காதே, அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும் வரைதான் பொறுப்பேன், அதற்குப் பிறகு கொங்கிறீட் உடைக்கும் மெஷினுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், அந்தச் சத்தத்தில் உன் போன் எனக்குக் கேட்காது.

இப்படிக்கு,
உன் வாப்பா ஸப்ரி,
கல்முனை.